சீட்டின் பின்பக்கம்

சீட்டின் முன்பக்கம் திருவாரூர் மருத்துவக் கல்லூரி,
முத்திரை, வார்டு எண், மூன்று மாத்திரை.
மூன்றும் அரசாங்கம் தருவது. என் கடைக்கு வேலையில்லை.
பின்பக்கம் வேறு பேனா.
பச்சை மை, கோணல் எழுத்து:
‘ஆன்ட்டி ஆக்ஸிடன்ட். மூளைக்கு.’

யார் எழுதினது?
பக்கத்துக் கட்டில்காரர் மருமகன், என்றாள் குஞ்சம்மாள்.
போனில் பார்த்து எழுதித் தந்தானாம்.
நல்ல பையன். ஆப்பிள்கூட நறுக்கிக் கொடுத்தான்.

பத்து அடங்கிய பட்டை நூற்றெண்பத்தைந்து ரூபாய்.
கத்தரிக்கோலால் பாதியில் வெட்டி
அஞ்சு மட்டும் கொடு தம்பி என்பாள்.
ரேஷன் கார்டு உறைக்குள்ளிருந்து
நூறுநாள் வேலைப் பணம் வரும்.

திருத்துறைப்பூண்டி ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்
பதினாறு வருஷமாக மருந்து விற்கிறேன்.
இது எனக்குத் தெரியும்:
எலிக்குக் கொடுத்தார்கள், எலியின் மூளை பிழைத்தது.
மனிதனுக்குக் கொடுத்தார்கள்.
தின்றவனும் தின்னாதவனும்
கிட்டத்தட்ட ஒரே மாதிரி எழுந்து நடந்தார்கள்,
அல்லது நடக்கவில்லை.
பெட்டியின் மேல் ஒரு மூளை,
அதைச் சுற்றி மாதுளை முத்துகள்.
படம் நன்றாகத்தான் இருக்கிறது.

அவள் புருஷன் பக்கிரிசாமி பொதுப்பணித் துறை லஸ்கர்.
முள்ளியாற்றில் மூன்று மதகு அவர் கைக்குக் கட்டுப்பட்டவை.
மேட்டூர் திறந்து நாள் பல கழித்து
கடைமடைக்கு வரும் முதல் தண்ணீர்
தண்ணீராக வராது.
முள், ஒற்றைச் செருப்பு, பாட்டில், செத்த கோழி,
எல்லாவற்றையும் உருட்டிக்கொண்டு வரும்.
காய்ந்து வெடித்த கரையை முதலில் அறுக்கும்.
அப்புறம்தான் நனைக்கும்.

மூளைக்குள்ளும் அதே கதை.
அடைப்பு விலகும் நேரம்
திரும்பி வரும் ரத்தமே கொஞ்சம் சுடுகிறது.
தவித்துக் கிடந்த செல், திடீர்ப் பிராணவாயு, துரு.
அந்தத் துருவைத் துடைக்க இந்த மாத்திரை என்று கணக்கு.
கணக்கில் பிழையில்லை.
ஆனால் உடைப்பெடுத்து ஒன்பது மாதம் ஆயிற்று.
இனி மணல்மூட்டை வாங்கி
எந்தக் கரையில் அடுக்க?

இதை அவளிடம் நான் சொல்லவில்லை.
சாப்பிட்டால் கெடுதல் இல்லை,
இவ்வளவுதான் சொன்னேன், ஒன்பது மாதமும்.

ஆவணியில் அவரையே கூட்டிவந்தாள்.
வலது கை கழுத்துத் துண்டில் தொங்கியது.
பிரஷர் பார்த்தேன். நூற்றெழுபத்தாறு, நூற்றுநான்கு.
இன்னொரு கையிலும் பார்த்தேன்.
அந்த வெள்ளை மாத்திரை?
நிறுத்திட்டேன், ஒன்றரை மாசமாச்சு.
சும்மா குடுக்குறதுதானே, அதுல என்ன இருக்கப் போவுது?
காசு போட்டு வாங்குறது இதுதான்.
இத ஒரு நாள் விடல தம்பி.

கத்தரிக்கோல் மேஜைமேல் கிடந்தது.
எடுத்து டிராயருக்குள் போட்டேன்.

பிறகு பேசினேன், தேவைக்கு மேலேயே.
வெள்ளைதான் ஷட்டர் என்றேன்.
வேகத்தைப் பிடித்து நிறுத்துவது அது.
இந்தச் சிவப்பு, கரைக்குப் பூசும் சாயம்.
ஷட்டரைக் கழற்றிவிட்டுச் சாயம் அடிப்பார்களா?
குஞ்சம்மாள் சுவரில் எதையோ பார்த்தாள்.
அவர்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.
வாயில் மிஞ்சியது நாலைந்து சொல்,
அதில் ஒன்று கெட்டவார்த்தை.
அதைச் சொன்னார், பிசிறில்லாமல்.
இடது கையை உயர்த்திக்
காற்றில் ஒரு சக்கரத்தைப் பற்றினார்.
அரைச் சுற்று. நிறுத்தம்.
அரைச் சுற்று.

இறக்கும்போது அப்படித்தான் திருப்புவாங்க, என்றாள்.
ஏத்தும்போதும் அப்படித்தான்.
எதைச் செய்தார் என்று
இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

புரட்டாசியில் தனியாக வந்தாள்.
வெள்ளைப் பட்டைகளைப் பரப்பி வைத்தாள்,
காலிக் குழிகளை நான் எண்ணும்வரை காத்திருந்தாள்.
சரியாக இருந்தது.
அப்புறம் ரேஷன் கார்டு உறையைத் திறந்தாள்.

அஞ்சு வேண்டாம். ரெண்டு குடு.
நீ சொன்னதுக்காக மூணக் கொறைச்சிட்டேன்.

டிராயரைத் திறந்து
கத்தரிக்கோலைத் தேடினேன்.